மல்லாட்டை வந்த வழி

எழும்பூரில் தெற்கே போகிற ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? செங்கற்பட்டு ஏரி வருகிற வரையில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறோம். அப்புறம் கண்ணை மூடிக்கொள்கிறோம். நடுவில் திண்டிவனம் வந்ததே தெரியாது. விழுப்புரம் ஜங்ஷன் வந்தால், "காப்பி, காப்பி!" என்ற குரலுக்கு அரைக்கண் திறந்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போகிறோம்.

நேயர்களே, இந்தத் தடவை தூங்காதீர்கள். ஸ்தல யாத்திரைக்காரர்கள் அதிகம் இறங்காத இந்த இரண்டு ஊர்களுக்கும் உங்களை அழைத்துப் போகிறேன். சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர். விழுப்புரம் சுமார் 160. தூரம் அவ்வளவுதான். ஆனால் இங்கே இறங்கினால் நேட்டாலுக்கும் பாரிஸுக்கும் வழி தெரியும். எப்படி என்கிறீர்களா? முதலில் ஒரு கைப்பிடி மல்லாட்டை வாங்கிக் கொள்வோம், கொறித்துக்கொண்டே பேசலாம்.

திண்டிவனம் என்றால் புளியங்காடு. வடமொழியில் 'திந்திரிணி' என்றால் புளி. திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஊர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே திருநாமம். ஆனால் இந்த வட்டாரத்துச் செம்மண்ணுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது புளியல்ல, மல்லாட்டைதான். நாம் வேர்க்கடலை, நிலக்கடலை என்கிறோமே, அதேதான். சந்தையில் 'வேர்க்கடலை' என்று கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள். 'மல்லாட்டை' என்று கேட்டுப் பாருங்கள், "எந்த ஊர் அம்மா உங்களுக்கு?" என்று உறவு விசாரிப்பார்கள்!

மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்பதால் மணிலாக்கொட்டை. அது நம் ஜனங்கள் நாக்கில் உருண்டு புரண்டு மல்லாட்டை ஆகிவிட்டது. உண்மையில் அதன் பிறந்தகம் மணிலாவும் இல்லை, தென் அமெரிக்கா. கப்பல் ஏறி, கடல் தாண்டி, கை மாறி இந்த மண்ணுக்கு வந்தது. வந்த பிறகு சும்மா இருந்ததா? 1879-ல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிளை ரயில் பாதை போட்டார்கள். மூட்டை மூட்டையாக மல்லாட்டை அதில் ஏறிப் பாண்டிச்சேரித் துறைமுகம் சேர்ந்தது. அங்கிருந்து பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரத்துக்குப் போய் எண்ணெயும் சோப்புமாயிற்று.

எங்கேயோ பிறந்தது, எப்படியோ வந்தது, இந்த மண்ணில் வேர் விட்டு இந்த ஊர்ப் பெயரையும் வாங்கிக்கொண்டது. இனி அதை அந்நியச் சரக்கு என்று யார் சொல்வார்கள்?

ஜனங்கள் தங்கள் குறைக்காகப் போராடும் முறைகளும் இந்த மல்லாட்டையைப் போலத்தான். சத்தியாக்கிரகம், வேலைநிறுத்தம், மறியல் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிற ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கப்பலிலிருந்து இறங்கியிருக்கிறது, ஏதாவது ஒரு கப்பலில் ஏறியும் இருக்கிறது. அப்படி ஏறி இறங்கிய இரண்டு வழிகள் இந்த ஊர்கள் பக்கமாகப் போகின்றன. ஒன்று தென்னாப்பிரிக்கா வழி. மற்றொன்று பிரான்ஸ் வழி.

* * *

முதல் வழியில் போனவை மூட்டைகளல்ல, மனிதர்கள்.

அந்நாளில் திண்டிவனமும் விழுப்புரமும் தென்னார்க்காடு ஜில்லாவின் தாலுகாக்கள். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். மழை பொய்த்தால் பஞ்சம், மழை பெய்தாலும் கடன் என்று வாழ்ந்த ஏழை ஜனங்களிடம் ஆள் பிடிக்கும் கங்காணிகள் வந்தார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரையில் கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்குமாக இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். வடார்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்காரர்கள் அதில் ஏராளம். இன்னும் பலர் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனார்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷத்தில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங் கூலி. பெண்ணுக்கு அதில் பாதி. ஐந்து வருஷம் முடிந்து, "இனி நான் யாருக்கும் அடிமையில்லை, இங்கேயே குடியானவனாக இருக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால் வருஷத்துக்கு 3 பவுன் தலைவரி! 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். அந்த முதல் வருஷக் கூலிக் கணக்கில் அது ஆறு மாதச் சம்பளம். அவனுக்கு மட்டுமா? மனைவிக்கும் உண்டு. 16 வயது தாண்டிய பிள்ளைக்கும், 13 வயது தாண்டிய பெண்ணுக்கும் உண்டு. வயது வந்த பெண் வீட்டில் இருந்தால் கல்யாணக் கவலையோடு வரிக் கவலையும் சேர்ந்தது.

இந்த ஜனங்களுக்கு வழி காட்டியவர் காந்தியடிகள் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அவருக்கு வழி காட்டியவர்களில் சில பெண்கள் இருந்தார்கள் என்பது பெரியவர்களுக்கே அதிகம் தெரியாது.

1906 செப்டம்பர் 11-ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க் நகரத்தில் ஒரு நாடகக் கொட்டகையில் இந்தியர்கள் கூடி, அநியாயச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று சபதம் செய்தார்கள். அடுத்த மாதமே காந்திஜி இந்தியர்களின் பிரதிநிதியாக லண்டனுக்குப் போனார். அங்கே அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? ஸ்திரீகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்டுப் பார்லிமெண்டுக்குப் போன ஆங்கிலேயப் பெண்கள் கைதானார்கள். அபராதம் கட்டினால் வீட்டுக்குப் போகலாம். கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள்! காந்திஜி அதைப் பார்த்து வியந்து, தம்முடைய 'இந்தியன் ஒபீனியன்' பத்திரிகையில் அவர்களைப் பாராட்டி எழுதினார். பெண்களுக்கே இந்தத் துணிவு இருக்குமானால் நமக்கு என்ன குறைச்சல் என்று தம் ஜனங்களை உசுப்பினார்.

ஆனால் அந்தப் பெண்கள் பின்னால் கல்லெறியத் தொடங்கியபோது, 1909-ல் மறுபடியும் லண்டன் போன காந்திஜி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஜெயிலுக்கு அஞ்சாத மனத்தை எடுத்துக்கொண்டார். கல்லை அங்கேயே விட்டுவிட்டார். சந்தையில் நாம் கத்தரிக்காய் பொறுக்குகிறோமே, அதுபோல! நல்லதைக் கூடையில் போடுவோம்; சொத்தையைத் தள்ளுவோம். கடல் தாண்டி வருகிற எந்த முறைக்கும் இப்படிப் பொறுக்கியெடுக்கிற ஒரு கை வேண்டும்.

* * *

1913 மார்ச்சு மாதம் தென்னாப்பிரிக்காவில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் அந்நாட்டுச் சட்டத்துக்கு முன் செல்லாது என்று ஆகிவிட்டது. சகோதரிகளே, யோசித்துப் பாருங்கள்! மஞ்சள் தாலி கட்டி, அக்கினி சாட்சியாக மணந்து, பிள்ளை குட்டி பெற்று வாழும் பெண்ணைப் பார்த்து, நீ மனைவியே அல்ல என்றால் எப்படி இருக்கும்? அதுவரை ஆண்கள் சண்டையாக இருந்தது அன்று வீட்டுக்குள் வந்துவிட்டது.

டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் தவிர அத்தனை பேரும் தமிழ்ப் பெண்கள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அவர்களில் ஒருவர். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. எல்லை தாண்டி நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் என்னும் சுரங்க ஊருக்குப் போனார்கள். சுரங்கத் தொழிலாளிகளிடம் 3 பவுன் வரியைப் பற்றி அவர்கள் பாஷையிலேயே பேசினார்கள். பெரிய பிரசங்கம் ஒன்றுமில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து, "அண்ணா, இது நியாயமா?" என்கிற முறையில் கேட்டால் எந்த ஆண்பிள்ளை சும்மா இருப்பான்? வேலைநிறுத்தம் தீப்போலப் பரவியது. அந்தப் பெண்களைப் பிடித்து மூன்று மாதம் கடுங்காவலில் போட்டது சர்க்கார். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று.

சுரங்கத்தை விட்டு மூட்டை முடிச்சோடு வந்த ஆயிரக்கணக்கான பேருக்கு யார் சோறு போடுவது? சரித்திரப் புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற கேள்வி இது. நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் இருந்தார். சொந்தமாக இரண்டு மூன்று அறை கொண்ட சிறு வீடு. அந்த வீட்டுக் கதவு திறந்தது. அவர் மனைவியும் வீட்டுப் பெண்களும் ஏற்றிய அடுப்பு இரவு பகல் அணையவில்லை. அந்த அடுப்பு அணைந்திருந்தால் வேலைநிறுத்தம் இரண்டு நாளில் பசியில் செத்திருக்கும்.

நவம்பர் 6-ஆம் தேதி அந்தப் பெரிய நடை தொடங்கியது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். தலைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. அதுதான் சாப்பாடு. செய்தி கேட்டு இந்தியாவே கொதித்தது. அதே நவம்பரில் சென்னைக்கு வந்திருந்த வைசிராய் ஹார்டிஞ்சு பிரபுகூட அந்தச் சத்தியாக்கிரகிகளுக்குப் பரிந்து வெளிப்படையாகப் பேச நேர்ந்தது. 1914-ல் 3 பவுன் வரி ஒழிந்தது. நம்மவர் கல்யாணமும் கல்யாணம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

அந்த வெற்றியைக் காணாமலே ஒரு பெண் கண்ணை மூடிவிட்டாள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த தில்லையாடி வள்ளியம்மை. ஜெயிலில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி இறந்தாள். வயது 16. படுத்த படுக்கையாகக் கிடந்தவளிடம், ஜெயிலுக்குப் போனதற்காக வருத்தப்படுகிறாயா என்று காந்திஜி கேட்டார். மறுபடியும் போகத் தயார் என்றாள் அந்தப் பெண்.

காந்திஜி 1915 ஏப்ரலில் சென்னைக்கு வந்தார். அந்தப் பிரயாணத்திலேயே தரங்கம்பாடி, தில்லையாடிப் பக்கம் போய், தம்மோடு ஜெயிலுக்குப் போனவர்களின் உற்றார் உறவினரைப் பார்த்தார். சென்னையிலிருந்து மாயவரம் போகிற ரயில் பாதை எது தெரியுமா? திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான். ஏழை ஜனங்களாக இங்கிருந்து கடல் தாண்டிப் போனது, சத்தியாக்கிரகம் என்ற புதுப் பெயரோடு இதே தண்டவாளத்தின் வழியே திரும்பி வந்தது.

* * *

ரயில் திண்டிவனத்தை விட்டுப் புறப்படுகிறது. மயிலம் வருகிறது. குன்றின் மேல் முருகன் கோயில் தெரிகிறதா? கும்பிட்டுக்கொள்ளுங்கள். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஸ்டேஷன்கள் ஓடுகின்றன. பக்கத்திலேயே திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையும் கூட ஓடி வருகிறது.

இந்தச் சாலைக்கும் ஒரு கதை உண்டு. 1987 செப்டம்பர் 17-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம், கல்வியிலும் வேலையிலும் தனி இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கத்தார் சாலை மறியல் செய்தார்கள். துப்பாக்கிச் சூடு முதலியவற்றில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவிகித ஒதுக்கீடு வந்தது. இறந்தவர்களுக்கு விழுப்புரம் வழுதரெட்டியில் மணிமண்டபம் எழுப்பி 2025-ல் திறந்திருக்கிறார்கள். அதே நாட்களில் இந்த ஜில்லாவில் ஆதிதிராவிட மக்களின் குடிசைகள் எரிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாலையில் உட்காரும் முறை எளிதில் ஊர் ஊராகப் போய்விடுகிறது. எதிலும் சம்பந்தமில்லாத ஏழையின் கூரை மேல் கை வைக்காதிருக்கும் கட்டுப்பாடு அவ்வளவு சுலபமாகக் கூடவே போவதில்லை. கூடை சுமந்து வந்தவள் பாதிக் காயை வழியில் சிந்திவிட்டாற்போல!

இதோ, விழுப்புரம் ஜங்ஷன். இறங்குங்கள். காப்பி சாப்பிட்டுக்கொண்டே தண்டவாளங்களைப் பாருங்கள். ஒன்று சென்னைக்கு. ஒன்று விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு. ஒன்று கடலூர், மாயவரம் வழியாகத் தஞ்சாவூருக்கு. ஒன்று திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு. ஐந்தாவது, நாம் முன்பே சொன்ன பாண்டிச்சேரிப் பாதை. சுமார் 38 கிலோமீட்டர். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று பெயர்கள் வரும். அந்நாளில் இந்தச் சின்ன ரயிலில் ஏறி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வேறு ராஜ்யம் வந்துவிடும். வெள்ளைக்காரன் இந்தியா முடிந்து பிரெஞ்சுக்காரன் இந்தியா!

1908-ல் பாரதியார் அடைக்கலம் புகுந்ததும், 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்ததும் அந்தப் பிரெஞ்சு மண்ணில்தான். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை அங்கே அச்சானது. எல்லைக்கு இந்தப் பக்கம் வரவிடாமல் ஆங்கிலேய சர்க்கார் தடுத்தது. மல்லாட்டை மூட்டைக்குத் திறந்திருந்த வழி ஒரு காகிதத்துக்கு மூடப்பட்டது என்றால், அந்தக் காகிதத்தின் கனம் எவ்வளவு இருந்திருக்கும்!

நம்முடைய இரண்டாவது வழி இந்த ஐந்தாவது தண்டவாளத்தின் மறுகோடியில் இருக்கிறது.

* * *

1936 மே, ஜூன் மாதங்களில் பிரான்ஸில் ஓர் அதிசயம் நடந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் என்ன அதிசயம்? வழக்கமாக வேலைநிறுத்தம் என்றால் ஆலையை விட்டு வெளியே வருவார்கள். முதலாளி வேறு ஆளை வைத்து ஆலையை ஓட்டிவிடுவார். இந்தத் தடவை அவர்கள் வெளியே வரவில்லை. உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்! இராப் பொழுதும் அங்கேதான். ஆட்டம், பாட்டம், அக்கார்டியன் வாத்தியம். வீட்டிலிருந்து பெண்கள் கூடையில் ரொட்டியும் குழம்புமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாரிஸின் பெரிய பெரிய கடைகளில் சாமான் விற்கிற பெண்களும் கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாடு முழுவதும் சுமார் 20 லட்சம் பேர். பார்த்தது சர்க்கார். ஜூன் மாதத்திலேயே வாரத்துக்கு 40 மணி வேலை, வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டங்கள் வந்தன.

பாண்டிச்சேரியில் அப்போது சவானா, ரோடியர், கெப்ளே என்ற மூன்று பெரிய துணி ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆண்களோடு பெண்களும் சிறுவர்களும் அங்கே உழைத்தார்கள். சங்கம் வைக்க உரிமை கிடையாது. வ. சுப்பையா என்ற இளைஞர் 1934-ல் 'சுதந்திரம்' என்ற பத்திரிகை தொடங்கி அவர்களை ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார். பாரிஸில் நடந்த சங்கதி கப்பலிலும் தந்தியிலும் வந்து சேர்ந்தது. பாண்டிச்சேரித் தொழிலாளிகள் கேட்டது மிகவும் நியாயமான கேள்வி. "அங்கேயும் பிரெஞ்சுக் கொடி, இங்கேயும் பிரெஞ்சுக் கொடி. அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டமா?"

ஜூலை மாதத்தில் அவர்களும் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். பாரிஸில் உட்கார்ந்தவர்களுக்கு விடுமுறை கிடைத்தது. பாண்டிச்சேரியில் உட்கார்ந்தவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. 1936 ஜூலை 30-ஆம் தேதி சுட்டார்கள். 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். இன்றைக்கும் புதுச்சேரியில் ஜூலை 30 அவர்கள் நினைவு நாள். முறை கடல் தாண்டி வந்துவிடுகிறது. கூலி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாகக் கிடைப்பதில்லை!

ஆனாலும் அந்த உயிர்கள் வீண் போகவில்லை. பாரிஸ் வரையில் செய்தி போயிற்று. சுப்பையாவும் பிரான்ஸுக்கே போய் மந்திரிகளிடம் வாதாடினார். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி பிரெஞ்சு இந்தியாவுக்கென்று ஆணை பிறந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை! ஆசியாவிலேயே இது முதல் என்று புதுச்சேரிக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், விழுப்புரம் வரை நீண்டிருந்த ஆங்கிலேயர் இந்தியாவில் அப்போது ஆலைச் சட்டம் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி என்று இருந்தது. ஒரு மணி நேர ரயில் பிரயாணத்தில் இரண்டு மணி நேர வேலை குறைந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

எட்டு மணி நேரம் என்ற கோஷமும் பிரெஞ்சுச் சரக்கு மட்டுமல்ல. 1886-ல் அமெரிக்காவில் சிகாகோ தொழிலாளிகள் அதற்காக ரத்தம் சிந்தினார்கள். அதன் நினைவாக வந்த மே தினத்தைச் சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம்.

* * *

இங்கிருந்து வெளியே போனதும் உண்டு. டர்பனில் 1946-ல், இந்தியர்கள் இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். தடுத்த நிலத்தில் கூடாரம் அடித்துச் சத்தியாக்கிரகிகள் உட்கார்ந்தார்கள். சுமார் 2,000 பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் குணம் அம்மாள். டர்பனில் பிறந்து, எடின்பரோவில் வைத்தியம் படித்து வந்த தமிழ்ப் பெண். வள்ளியம்மை போய்ச் சேர்ந்து 32 வருஷத்துக்குப் பிறகு, அதே தேசத்து ஜெயில் கதவு இன்னொரு தமிழ்ப் பெண்ணுக்குத் திறந்தது.

அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் லாசன் என்ற நீக்ரோ இளைஞர் (அன்று அப்படித்தான் சொல்வார்கள், இன்று கறுப்பினத்தவர் என்கிறோம்) 1953-ல் நாகபுரிக்கு வந்து ஒரு கல்லூரியில் மூன்று வருஷம் பணியாற்றினார். காந்திய வழியைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, நாஷ்வில் நகரத்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அடித்தால் திருப்பி அடிக்காமல் இருப்பது எப்படி என்று ஒத்திகையே நடத்தினார்! 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சிற்றுண்டி மேஜையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். அவர்களுக்குக் காப்பி வரவில்லை. அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை. சில நாட்களில் நாஷ்வில் மாணவர்களும் உட்கார்ந்தார்கள். அந்த மே மாதத்திலேயே அவ்வூரில் அந்த மேஜைகள் எல்லோருக்கும் பொதுவாயின. விழுப்புரம் ஜங்ஷனில் நாம் ஒரு வார்த்தை சொன்னதும் கைக்கு வருகிற காப்பி, இன்னொரு தேசத்தில் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது!

கவனித்தீர்களா? பாரிஸிலும் உட்கார்ந்தார்கள், பாண்டிச்சேரியிலும் உட்கார்ந்தார்கள், டர்பனிலும் நாஷ்வில்லிலும் உட்கார்ந்தார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஓர் ஊர்ச் செய்தி இன்னோர் ஊரில் போய் விழுகிறது. அங்கே அதே வலி இருந்தால் முளைக்கிறது. இல்லையென்றால் பத்திரிகைத் துணுக்காக மடிந்துவிடுகிறது. முளைத்த பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். நியூகாசிலில் அடுப்பெரித்தவளும், பாரிஸில் கூடை சுமந்தவளும் ஊற்றிய தண்ணீர்தான் அது. மேடையில் நின்றவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அடுப்படியில் நின்றவள் பெயரை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

"இதெல்லாம் பழங்கதை, நம் வீட்டுக்கு என்ன?" என்று கேட்காதீர்கள். மாலையில் வேலைக்குப் போனவர்கள் திரும்பி வருகிற நேரத்துக்குக் காப்பிக்குப் பால் வைக்கிறீர்களே, அந்த நேரத்தை நிர்ணயித்தது யார்? சிகாகோவிலும் பாண்டிச்சேரியிலும் செத்தவர்கள். அது என்றென்றைக்கும் எழுதிவைத்த சொத்தும் அல்ல. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் திருத்தம் நம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. மே 1-ஆம் தேதி, மே தினத்தன்று, அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இடையில் பத்தே நாள்! பாண்டிச்சேரி ஆலைகளிலோ இன்று சங்கு ஊதுவதில்லை. ரோடியர் ஆலை என்று அன்று சொன்ன ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையை 2020-ல் மூடிவிட்டார்கள். ஆலை போயிற்று; அது வாங்கிக் கொடுத்த எட்டு மணி நேரம் மட்டும் நம் வீட்டுக் கடிகாரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே விற்கும் பெண்கள், எங்களுக்கு உட்கார உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருத்தினார்கள். 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் அதேபோல் திருத்தம் வந்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார ஆசனம் போடவேண்டும் என்பது சட்டம். உட்காருவதே ஒரு போராட்டமாகத் தேசம் தேசமாகப் போயிற்று என்று பார்த்தோம் அல்லவா? அதே சொல் இப்போது துணிக்கடைக்குள் வந்திருக்கிறது.

பண்டிகைக்குப் புடவை எடுக்க விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ, உங்கள் ஊரிலோ கடைக்குப் போவீர்கள். முப்பது புடவைகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டுகிற அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், "ஏன் ஐயா, இந்தப் பெண் உட்கார ஒன்றும் இல்லையா?" என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் பார்டரைப் பாருங்கள்.